நாலு மணிக்கு வந்தவன்

நெல்லிமலைத் தோட்டம்,
திகன.
8 ஜனவரி 1964

கனம் மாசிலாமணி ஐயர் அவர்களுக்கு,

உபதேசியார் வேதமுத்து எழுதுவது. தோமா திருநாளன்று கண்டியில் நடந்த தங்கள் குருப்பட்ட ஆராதனைக்கு நான் வராமற் போனதற்குக் காய்ச்சலே காரணம். ராகேல் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வெள்ளை அங்கி தங்களுக்கு நன்றாகப் பொருந்தியிருந்ததாம். சந்தோஷம்.

எங்கள் தேயிலைத் தோட்டச் சபையும் இனித் தங்கள் பொறுப்பில் வருவதாகக் கமிட்டியார் அறிவித்திருக்கிறார்கள். இதுவரை இங்கே வந்த ஐயர்மார் எல்லாரும் வயதில் எனக்கு மூத்தவர்கள். இப்போது என் தாய் வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவர் வருகிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பிலிமத்தலாவையில் லொறி ஓட்டிக்கொண்டு, சம்பளம் வாங்கிய இரவே அதைக் குடித்துத் தீர்த்தவர். நான் குருப்பட்டத்துக்கு மூன்று தடவை விண்ணப்பித்தவன். படிப்புப் போதாது என்றார்கள். இதைக் குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இங்கே திருவிருந்து நடத்த வேண்டும். உபதேசியாரான நான் பிரசங்கம் பண்ணலாம், செத்தவர்களை அடக்கம் பண்ணலாம். அப்பமும் ரசமும் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். அன்றைக்குரிய வேதபாடம் திராட்சத் தோட்டத்து வேலையாட்கள். முதல் பஸ்ஸில் வந்து மக்கீன் நானாவின் கடையடியில் இறங்கினால், எதிரே தோட்டத்துப் பாதை.

தங்கள் ஊழியத்தில்,
உபதேசியார் வேதமுத்து


குருமனை, மஹய்யாவ,
கண்டி.
13 ஜனவரி 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று. ‘தாங்கள்’, ‘தங்கள்’. கொய்யாக் கம்பை ஒடித்து என் முழங்காலுக்குக் கீழே விளாசிய மனுஷன் எழுதுகிற கடிதமா இது?

அண்ணியிடம் காய்ச்சலைப் பற்றி விசாரித்தேன். “காய்ச்சல் ஒடம்புல இல்லீங்க தம்பி” என்றார். முன்வரிசையில் உங்களுக்காக ஒரு கதிரை போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். கடைசிவரைக்கும் யாரோ ஒரு ஐயருடைய குடைதான் அதில் உட்கார்ந்திருந்தது. அத்தியட்சர் என் தலையில் கை வைத்தபோது நான் நினைத்திருக்க வேண்டியது வேறு. நான் அந்தக் குடையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் இல்லை. லொறியை நீங்கள் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம். அது எனக்கு மறப்பதில்லை.

பிரசங்கத்தைப் பற்றித்தான் யோசனையாக இருக்கிறது. நம் ஆட்களில் திராட்சத் தோட்டத்தைக் கண்ணால் கண்டவர் யார்? அவர்களுக்குப் பழகிய பேச்சிலேயே சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பயமில்லை.

உங்கள் தம்பி,
மாசிலாமணி


நெல்லிமலைத் தோட்டம்
31 ஜனவரி 1964

கனம் ஐயர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு தாங்கள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போனதால், திங்கட்கிழமை இங்கே நடந்ததை எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

தங்கள் பிரசங்கம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. தேவைக்கு மேலேயே புரிந்துவிட்டது. “காலையில பெரட்டுக்கு வந்தவனுக்கும் ஒரு பேரு, சாயங்காலம் நாலு மணிக்குக் கூடையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தவனுக்கும் ஒரு பேரு. நம்ம கடவுள் அரைப் பேரு போடாத துரை” என்றீர்கள். பனியில் கொழுந்து குறைந்து, நாள் முழுக்க மலையில் நின்ற பெண்களுக்கும் நிறை போதாது என்று அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம், விழுந்துகொண்டிருக்கிற மாதம் இது. தங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

நம் சபையைச் சேராத பாலம்மா அன்றைக்கு ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “அரைப் பேரு கெடையாதுன்னு ஐயரு சொல்லிட்டாரு. துரை வந்து அதுக்குச் சரின்னு சொல்லட்டும், நாங்க மலைக்குப் போறோம்” என்றாள். அவளைப் பார்த்து எல்லாப் பெண்களும் உட்கார்ந்தார்கள். பத்து மணி வரைக்கும் ஒருத்தியும் எழும்பவில்லை.

பெரிய துரை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் பதில் சொன்னேன். முடிவில், தாங்கள் இனித் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று கேட்டில் உத்தரவு போட்டிருக்கிறார். ஈஸ்டர் திருவிருந்துக்கு வேறு ஐயர் கிடைப்பாரா என்று கமிட்டியாரிடம் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் திருவிருந்தில் பங்கெடுக்கவில்லை என்று தாங்கள் கவனித்திருப்பீர்கள். மணி அடிக்க ஆள் இல்லாததால் வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

வேதமுத்து


குருமனை, மஹய்யாவ
6 பெப்ரவரி 1964

அண்ணே,

நீங்கள் துரையிடம் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

கமிட்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூலி ஆட்களைத் தூண்டிவிட்டதாகத் தோட்டத்திலிருந்து முறைப்பாடு போயிருக்கிறது. பட்டம் வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. என்னை இந்தப் பக்கமே வேண்டாம் என்று எங்காவது அனுப்பிவிடலாம், ஊழியத்திலிருந்தே நிறுத்தியும் விடலாம். நீங்கள் அங்கே இருந்தீர்கள். பிரசங்கம் முழுவதையும் கேட்டீர்கள். கடைசியில் நான், “இது சம்பளக் கத இல்ல, நமக்கெல்லாம் தகுதி இல்லாமக் கெடைக்கிற கிருபை” என்று சொன்னதையும் கேட்டிருப்பீர்கள்.

மணி அடிக்க வெளியே நின்றீர்களாம். மணிக்கயிறு கோவிலுக்குள்ளே தொங்குவது எனக்குத் தெரியாதா அண்ணே? நான் அப்பத் தட்டோடு பலிபீடத்தண்டை நின்று, நீங்கள் வருவீர்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தம்பி கையில் வாங்க உங்களுக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே எழுதியிருக்கலாம். அதனால்தான் நானும் சாப்பிடாமல் போனேன்.

நான் இங்கே ராசாவாக இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் உள்ளே வந்தால் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். எழுந்து நிற்கிற ஆள் எவனும் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் தோட்டத்துச் சின்னமுத்துவின் அம்மா அங்கே கிடக்கிறது. பக்கத்தில் நின்று ஜெபித்தேன். ஆமென் சொன்னதும் அந்த அம்மா கண்ணைத் திறந்து, “உபதேசியாரு வரலீங்களா?” என்று கேட்டது. அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறேன் நான், அதற்கு வேண்டியது நீங்கள். மஹய்யாவ வருகிறவரை எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லுங்கள்.

மாசிலாமணி


நெல்லிமலைத் தோட்டம்
20 பெப்ரவரி 1964

தம்பி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் தபால்காரனிடம் கொடுத்துவிடச் சொல்லி ராகேல் பக்கத்திலேயே நிற்கிறாள்.

துரை தன்னுடைய தமிழில் கேட்டார்: “பாதிரி அரைப் பேர் வேணாம் சொன்னதா? ஆள் வேலைக்குப் போக வேணாம் சொன்னதா?” கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார். நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். இது ஆண்டவர் சொன்ன உவமை, அதே ஞாயிற்றுக்கிழமை கண்டியில் துரைமார் போகிற கோவிலிலும் இதையேதான் வாசித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள் என்றிருந்தால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் நான், “எனக்குத் தெரியாதுங்க தொரை” என்றேன்.

பயத்தில் சொல்லவில்லை. துரைக்கு நான் பயந்த காலம் போய்விட்டது. நீ இங்கே வராமல் போனால் நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஏன் என்றும் எழுதிவிடுகிறேன். அந்தப் பகுதியை வருஷாவருஷம் இதே கோவிலில் வாசித்து விளக்கம் சொன்னவன் நான். திராட்சத் தோட்டம், பணம், வீட்டெஜமான் என்று சுத்தத் தமிழில் சொல்வேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்குவார்கள். ஒருத்தி ஒரு நாள் கூடையைக் கீழே வைத்ததில்லை. நீ ஒரு தடவை வந்தாய், ஒரே ஒரு தடவை பேசினாய், அடுத்த நாள் தோட்டமே உட்கார்ந்துவிட்டது. அவர்கள் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்கள். ஆனால் காதில் விழுந்தது, தம்பி. நான் சொன்னது எதுவும் விழவே இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

மழையிலும் அட்டைக்கடியிலும் மலை மலையாக ஏறி இறங்கினவன் நான். நீ கடைசி நேரத்தில் கூடையோடு ஓடி வந்தவன். உனக்கும் முழுப் பேர் போட்டாரே என்று கர்த்தர்மேலேயே எனக்குக் கோபம். இதை ராகேலிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, “காலையில வந்த ஆளுக்கு என்னாங்க கொறஞ்சிச்சு? பேசின கூலி கையில இருந்திச்சில்ல? அடுத்தவன் கையப் பாத்தாரு, தன் கையில இருக்கிறது தெரியாமப் போச்சு” என்றாள். எனக்கு விளக்கம் சொல்ல வந்துவிட்டாளா என்று எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மன்னிப்பு என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. ஆனால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

வேதமுத்து


குருமனை, மஹய்யாவ
27 பெப்ரவரி 1964

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை கமிட்டியார் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். தோட்டத்தில் இருந்த உபதேசியாரே உனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அவர் உன் கூடப்பிறந்தவர் ஆயிற்றே என்று கேட்டார்கள். ஈஸ்டர் முடிந்து தீர்மானிப்பார்களாம்.

மன்னிக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். எனக்கு இன்றைக்கு வரவில்லை.

மாசிலாமணி


நெல்லிமலைத் தோட்டம்
16 மார்ச் 1964

அன்புள்ள தம்பி மாசிலாமணிக்கு,

உன் கடிதத்தில் இருந்தது நியாயமான கோபம். பதில் எழுதுவதைவிடப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று இருந்துவிட்டேன். இப்போது செய்ததை எழுதுகிறேன்.

துரையிடம் போனேன். கூப்பிடாமல் நானாகப் போனது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் தெரியாது என்றது பொய், எனக்குத் தெரியும், என் தம்பி வேதத்தில் உள்ளதைத்தான் சொன்னான், கடைசியில் இது சம்பளக் கதை இல்லை என்றும் சொன்னான் என்றேன். கணக்கப்பிள்ளை கண்ணாலேயே என்னைத் தடுத்துப் பார்த்தார். துரை மேசையிலிருந்த பைப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் சிரித்தார்கூட. ஆனால் போட்ட உத்தரவு போட்டதுதானாம். பிடிக்காவிட்டால் உபதேசியாரும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகலாம் என்றார். ராகேலிடம் சொன்னேன். “போகச் சொன்னா போவோம்” என்றுவிட்டு அடுப்பை ஊதினாள்.

அங்கே சொன்ன அதே வார்த்தைகளைக் கமிட்டிக்கும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவர்கள் என்னை என்ன செய்தாலும் சரி.

இப்போது விஷயம் ஈஸ்டர். வேறு ஐயர் கிடைக்கவில்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள், உயிர்த்த பண்டிகைக்குத் திருவிருந்து இல்லையா என்று. ஏன் இல்லை என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். அதைச் சுமந்துகொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன ஞாயிறு பிரசங்கத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் பாலம்மா, “அதுக்கென்னா உபதேசியாரே, நானுந்தான் பாதியக் கேட்டுட்டு ஒக்காந்துட்டேன்” என்றாள். இப்போதெல்லாம் அவள் ஜன்னலோரம் நிற்பதில்லை, உள்ளேயே வந்து உட்காருகிறாள்.

துரையின் உத்தரவு கேட்டோடு முடிகிறது. கேட்டுக்கு வெளியே உள்ள தெரு அரசாங்கத்துடையது. மக்கீன் நானாவின் கடைக்கு எதிரே பெரிய மாமரம் இருக்கிறதே, அதன் அடியில் நாங்கள் எல்லாரும் இறங்கி வந்து நிற்கிறோம். நானாவிடம் ஒரு மேசை கேட்டேன். திராட்ச ரசம் வைப்போம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். “கடைக்கு வெளிய தானே. கழுவித் தாங்க, போதும். நானும் அல்லாட பேரச் சொல்லித்தானே கடையத் தொறக்கிறன்” என்றார்.

நீ வா. மன்னித்துவிட்டு வா என்று நான் கேட்க முடியாது. கோபத்தோடேயாவது வா. உன் கையில் நான் வாங்க வேண்டும். முந்திக்கொண்டு வரமாட்டேன், எல்லாருக்கும் கடைசியில் வருவேன். எனக்கு இப்போது அதுதான் இடம்.

உன் அண்ணன்,
வேதமுத்து


குருமனை, மஹய்யாவ
31 மார்ச் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னை இங்கேயே வைத்துக்கொள்வதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. உங்கள் கடிதத்தை உரக்க வாசித்தார்களாம். அந்த நல்ல செய்தியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

நீங்கள் சொன்னபடியே கோபத்தோடுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது, உங்களைக் கண்டதும் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டே வந்தேன். இறங்கினால் மாமரத்தடி முழுக்க வெள்ளைச் சேலை. மேசை ஈரமாக இருந்தது, கருவாட்டு வாசம் முழுதாகப் போகவில்லை. கண்டிக்குப் போகிற லொறிக்காரர்கள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவன் எனக்குப் பழைய பழக்கம். தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றான். அதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்.

பிறகு அப்பம் கொடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவராகச் சரளையில் முழங்கால் போட்டார்கள். வாங்கிக்கொண்டு எழும்பினவர்கள் எல்லாரும் உங்கள் பக்கம் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு ஆள் விடாமல். அத்தனை பேருக்கும் முன்னால் உங்கள் பிழையை நீங்களே சொன்ன பிறகும், அவர்களுக்கு நீங்கள்தான். கொடுக்கிற கை என்னுடையது, யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் எரிந்த அதே வயிறு, அங்கே அங்கியோடு நிற்கும்போது எரிந்தது.

நான் கணக்குப் போட்டதைவிட ஆட்கள் அதிகம். கண்டிப் பேக்கரியில் வாங்கின பாண் சின்னது. கடைசியாக நீங்கள் வந்தபோது தட்டில் இரண்டு துண்டு இருந்தது. ஒன்று ஓரளவுக்கு இருந்தது. மற்றது வெறும் துணுக்கு. நான் துணுக்கை எடுத்து உங்கள் கையில் வைத்தேன். தவறி எடுக்கவில்லை அண்ணே. பார்த்துத்தான் எடுத்தேன்.

நீங்கள் ஆமென் சொல்லித் தலை குனிந்தீர்கள். மிச்சத்தை முறைப்படி நான்தானே சாப்பிட வேண்டும். சாப்பிட்டேன். கிருபையைப் பற்றி உங்கள் தோட்டத்துக்கே பிரசங்கம் பண்ணினவன், கர்த்தருடைய பந்தியில் நின்றுகொண்டு உங்களுக்கு அரைப் பேர் போட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் எழுத முடியாமல் நின்ற அந்த வார்த்தையை நான் எழுதிவிட்டேன். நல்லவனாக இருப்பதால் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

உங்கள் தம்பி,
மாசிலாமணி


நெல்லிமலைத் தோட்டம்
5 ஏப்ரல் 1964

அன்புள்ள தம்பிக்கு,

மேலே கறுப்பாக அடித்திருக்கிற வரியில், துண்டு சின்னதா பெரியதா என்று நான் கவனிக்கவேயில்லை என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் ராகேல் என்னைப் பார்த்த பார்வையில் அடித்துவிட்டேன். கவனித்தேன். தட்டில் இன்னொன்று இருந்ததையும் கவனித்தேன். பழைய வேதமுத்து உள்ளே துள்ளி எழுந்து, பார்த்தாயா, பார்த்தாயா என்றான். அவன் இன்னும் செத்துப்போகவில்லை. இந்த வயதில் செத்துப்போவான் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. உனக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன், நீ இன்னும் நெடுங்காலம் அங்கி போட வேண்டியவன்.

பிறகு அதை வாயில் போட்டேன். நாக்கில் பட்டதும் கரைந்துவிட்டது. அவ்வளவு சின்னது. ஆனால் தம்பி, அதில் பாதி ஆண்டவர் இருக்கவில்லை. சரளை முழங்காலில் குத்திக்கொண்டிருந்தது, எனக்கு அழுகை வந்தது. அதைத்தான் நான் தலை குனிந்தேன் என்று நீ எழுதியிருக்கிறாய். நீ அரைப் பேர் போட்டுத் தந்தாய். எனக்கு வந்து சேர்ந்தது முழுப் பேர். போடுகிறவர் நீ இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக நான் பட்டத்துக்கு ஏங்கினதும், நீ இப்போது என் ஆட்களுக்கு ஏங்குவதும் இதை மறந்ததால்தான்.

மன்னித்தேன். நீயும் மன்னித்துவிடு. அந்த வார்த்தை இப்போது பேனாவில் வருகிறது.

துரை உத்தரவை எடுக்கவில்லை, எங்களையும் வீட்டைவிட்டு எழுப்பவில்லை. அடுத்த மாதமும் மாமரத்தடிதான். மேசையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “இங்கனயே கெடக்கட்டும், திரும்ப வருவீங்கதானே” என்றார் மக்கீன் நானா. அன்றைக்கு என்ன வேதபாடம் என்று பாலம்மா இப்போதே விசாரிக்கிறாள். கணக்கப்பிள்ளையும் விசாரிக்கிறார், பயத்தில்.

வரும்போது முதல் நாளே வந்துவிடு. லயம் லயமாக உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். யாருக்கு என்ன கஷ்டம் என்று நீயும் கேட்டுத் தெரிந்துகொள். ஒரு நேரச் சாப்பாடாவது என் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள். இன்னொன்று. இந்தத் தடவை பாணைக் கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வா.

உன் அண்ணன்,
வேதமுத்து